இடுப்பு வலிக்கு ஆஸ்டியோபாத்திடம் போகலாமா?

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் கேர் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று வாரமாக இடுப்பு வலி, வலது பின்தொடை வரை இறங்குகிறது. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் பிசியோவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமாம். கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஆஸ்டியோபதி (மருந்தில்லாமல் மூட்டு, தசையைக் கையால் சரிசெய்யும் வைத்தியம்) கிளினிக் இருக்கிறது, ஒரு தடவைக்கு 55 பவுண்ட். "இது நிஜமான வைத்தியம்தானா? நெட்டி முறிப்பதில் ஆபத்து உண்டா? அதே போர்டில் அக்குபஞ்சர், ரிஃப்ளெக்சாலஜி, ரெய்கி, ஹோமியோபதி எல்லாம் போட்டிருக்கிறது. நாத்தனாரின் ஆறு வாரக் குழந்தை விடாமல் அழுகிறது, அங்கே மண்டையைத் தொட்டே சரிசெய்வார்களாம், கூட்டிப்போகலாமா?"

இடுப்புக்குப் போகலாம். குழந்தையைக் கூட்டிப்போக வேண்டாம். போர்டில் இருக்கும் மற்றதெல்லாம் ஆளைப் பொறுத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஜி.பி. சர்ஜரியில், அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக்கில், உட்கார்ந்து மூட்டு வலி, முதுகு வலி என்று வருபவர்களை டாக்டருக்கு முன்பே பார்க்கும் வேலை. இதற்கு 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட் பிசியோ' என்று பெயர். நீங்கள் காத்திருக்கும் வரிசை வேறு, இது வேறு. உங்கள் சர்ஜரியிலும் இப்படி ஒருவர் வரலாம். ரிசப்ஷனில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள், சில நாட்களிலேயே பார்க்கக் கிடைத்தாலும் கிடைக்கும். நான் பிசியோ என்பதால் ஆஸ்டியோபாத்துகளைக் குறைத்துப் பேசுவேன் என்று நினைக்க வேண்டாம். இடுப்பு வலி விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் செய்வதில் முக்கால்வாசி ஒன்றுதான்.

முதலில், எந்த கிளினிக்குக்கும் போகாமல் நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போக வேண்டிய அறிகுறிகள். சிறுநீர் வருவது தெரியாமல் போவது, அல்லது போக முடியாமல் அடைத்துக்கொள்வது. மலம் தானாக வெளியேறுவது. சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம், அதாவது தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி, மரத்துப்போவது. இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ இறங்குவது. தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்கினால் இப்படி வரும். அரிது. ஆனால் வந்தால் மணிக்கணக்குதான், தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் நம் ஆட்களில் அதிகம், அதனால்தான் இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன். இது தவிர, முன்பு புற்றுநோய் வந்தவர், காரணமில்லாமல் எடை குறைபவர், காய்ச்சலோடு முதுகு வலி வருபவர், நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர், கீழே விழுந்து அடிபட்டவர் எல்லோரும் முதலில் ஜி.பி.யைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வலியும் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. நரம்பு அழுத்தத்தால் வரும் சயாட்டிகா பெரும்பாலும் முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை இறங்கும், கூடவே ஊசி குத்துவது போலவோ மரத்தோ இருக்கும். பின்தொடையோடு நின்றுவிடும் வலி இடுப்பின் மூட்டு, தசையிலிருந்து பரவுவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்லக்கூடாது.

சரி, ஆஸ்டியோபாத் யார்? இங்கே பெரிய குழப்பம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் டி.ஓ. என்று போட்டுக்கொள்பவர் முழு டாக்டர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சை செய்வார். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் டாக்டர் இல்லை, மருந்து எழுத முடியாது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர், 1864இல் தன் பிள்ளைகள் மூன்று பேரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். பாதரசமும் அபினும் கொடுத்துக்கொண்டிருந்த அன்றைய மருத்துவத்தின் மேல் வெறுத்துப்போய், உடம்பின் அமைப்பைக் கையால் சரிசெய்தால் நோய் தானே தீரும் என்று 1874இல் அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவர் சொன்னதில் பாதி இன்று யாரும் நம்புவதில்லை. ஆனால் அன்றைய மருந்துகளைச் சாப்பிடாமல் இருந்ததாலேயே அவருடைய நோயாளிகள் பலர் தப்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பிரிட்டனுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1917இல் லண்டனில் பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் ஆஸ்டியோபதி. அமெரிக்காவில் டி.ஓ.க்கள் மெல்ல மெல்ல டாக்டர்களாக ஆனார்கள், இங்கே அது நடக்கவில்லை. இங்கே ஏற்கெனவே 'போன்செட்டர்' என்ற பரம்பரை எலும்பு வைத்தியர்கள் இருந்தார்கள், நம்மூரில் கட்டு போடுபவர், சுளுக்கு எடுப்பவர் மாதிரி. ஹெர்பர்ட் பார்க்கர் என்ற போன்செட்டர் அவ்வளவு புகழ் பெற்றிருந்தார். ஆனால் அவருடைய நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து உதவிய குற்றத்துக்காக ஆக்ஸம் என்ற டாக்டரை 1911இல் மருத்துவப் பதிவேட்டிலிருந்தே நீக்கினார்கள். அதே பார்க்கருக்கு 1922இல் அரசர் சர் பட்டம் கொடுத்தார். இந்த இரட்டை மனசு இன்னும் முழுதாகப் போகவில்லை. 1935இல் பிரபுக்கள் சபைக் குழு முன்னால் ஆஸ்டியோபாத்துகள் சட்ட அங்கீகாரம் கேட்டு நின்று, குறுக்கு விசாரணையில் திணறி, மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு தாங்களே விருப்பப் பதிவேடு ஒன்று தொடங்கினார்கள். சட்டம் கிடைக்க 1993 வரை ஆனது.

அந்த 1993ஆம் ஆண்டு ஆஸ்டியோபாத் சட்டம்தான் உங்களுக்கு முக்கியம். அதன்படி ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு இல்லாத ஒருவர் தன்னை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். பதிவு பெற நான்கைந்து வருடப் படிப்பு, குறைந்தது 1,000 மணிநேரம் நோயாளிகளைப் பார்த்த பயிற்சி, தொழில் காப்பீடு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 90 மணிநேரத் தொடர் கல்வி எல்லாம் வேண்டும். தவறு செய்தால் புகார் கொடுக்கலாம், பெயரை நீக்குவார்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் அரை நிமிடத்தில் பதிவு தெரிந்துவிடும். புக் பண்ணுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். என்.எச்.எஸ். இங்கிலாந்தும் 2017இல் ஆஸ்டியோபாத்துகளைத் துணை மருத்துவத் தொழில்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் என்.எச்.எஸ்.ஸில் இலவசமாகக் கிடைப்பது அபூர்வம், பெரும்பாலும் கைக்காசுதான்.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் முறை முக்கால் மணிநேரத்திலிருந்து ஒரு மணிநேரம் வரை ஆகும். பாதி நேரம் கேள்விகள்: வலி எப்போது தொடங்கியது, எதில் கூடுகிறது, தூக்கம், வேலை, பழைய நோய், மாத்திரை, சிறுநீர். அப்புறம் குனி, நிமிர், பக்கவாட்டில் சாய் என்பார்கள். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள், முட்டியில் சுத்தியலால் தட்டுவார்கள். இடுப்பு, முதுகு தெரிய உடை கழற்றச் சொல்லலாம். உள்ளாடையோடு நிற்பது இந்த ஊரில் சாதாரணம், ஆனால் உங்களுக்குக் கட்டாயம் இல்லை. தளர்ந்த டி-ஷர்ட், ஷார்ட்ஸ் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு, பெண் ஆஸ்டியோபாத் வேண்டும் என்று போனிலேயே கேட்கலாம். சின்ன ஊரில் ஒரே ஒருவர்தான் இருப்பார் என்றால் துணைக்கு ஆளோடு போங்கள். இந்தச் சங்கடத்தாலேயே போகாமல் வலியோடு இருப்பவர்கள் நம் பெண்களில் நிறைய.

பிறகுதான் கை வைத்தியம். தசையை நீவிவிடுவது, மூட்டை மெதுவாக ஆட்டி அசைப்பது, இழுத்துப் பிடித்து எதிர்த்துத் தள்ளச் சொல்வது, தேவைப்பட்டால் சட்டென்று ஒரு குறுகிய அழுத்தம். அந்தக் கடைசிதான் 'டக்' என்று சத்தம் வரும் நெட்டி. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயுக் குமிழி உண்டாகும், சத்தம் அதனோடு வருவது. 2015இல் கனடாவில் ஓர் ஆய்வாளர் குழு விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து இதைப் படமாகவே எடுத்தது. எலும்பு எதுவும் இடம் மாறிப் போய் உட்காருவதில்லை. சத்தம் வந்தால்தான் பலன் என்பதும் இல்லை. உங்களுக்குப் பயமாக இருந்தால் "நெட்டி வேண்டாம்" என்று சொல்லுங்கள், நல்ல ஆஸ்டியோபாத் மறுபேச்சில்லாமல் வேறு முறைக்குப் போவார். மறுநாள், இரண்டாம் நாள் உடம்பு கனத்து நோவது சகஜம். அதனால் டபுள் ஷிப்ட் இருக்கும் நாளுக்கு முந்தின நாள் போகாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "உன் இடுப்பெலும்பு விலகியிருக்கிறது, ஒரு கால் குட்டையாகிவிட்டது, நான்காவது எலும்பு திரும்பியிருக்கிறது" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிசியோக்களிலும் இப்படிப் பேசுபவர்கள் உண்டு. ஒரே முதுகை இரண்டு மூன்று பேர் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்து, எந்த எலும்பில் கோளாறு என்று சொல்லச் சொன்னால் ஒருவர் சொல்வது இன்னொருவரோடு ஒத்துப்போவதில்லை. இதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. விலகல் என்ற கதை நோயாளியின் மனசில் தங்கிவிடும். குனியவே பயப்படுவார், 'விலகினதை' மாதாமாதம் போய்ச் சரிசெய்துகொள்வார். வலியைவிட அந்தப் பயம்தான் ஆளை முடக்குகிறது. ஸ்கேன் விஷயமும் இப்படித்தான். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கல் படத்தில் தெரியும், எண்பது வயதில் 84 சதவீதம். நீங்கள் ஊருக்கு லீவில் போகும்போது ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவரலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

பலன் எவ்வளவு? நிறைய எதிர்பார்க்காதீர்கள் என்பதுதான் உண்மை. 2004இல் பிரிட்டனில் 1,334 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் கை வைத்தியத்தின் முறைகளை ஆஸ்டியோபாத், கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் இன்னொரு தொழில்), பிசியோ மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்தார்கள். கை வைத்தியமும் அதைத் தொடர்ந்து உடற்பயிற்சியும் எடுத்தவர்களுக்கு மூன்று மாதத்தில் ஓரளவு பலன், ஒரு வருடத்தில் அதைவிடக் குறைவு. பிரான்ஸில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ ஆஸ்டியோபதி, மறுபாதிக்குச் சும்மா கை வைக்கும் போலிச் சிகிச்சை என்று ஆறு தடவை கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. அன்றாட வேலை செய்யும் திறனை அளக்கும் 100 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 3.4 புள்ளி. வலியில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஆஸ்டியோபாத்துகளுக்கே கசப்பான முடிவு அது.

அப்படியென்றால் ஏன் போகலாம் என்றேன்? மற்ற எதுவும் இதைவிடப் பெரிதாகச் சாதிப்பதில்லை. இடுப்பு வலி பெரும்பாலும் ஆறு வாரத்தில் தானே நன்றாகக் குறையும். பாராசிட்டமால் மட்டும் கொடுப்பதை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டியிலேயே வேண்டாம் என்றுவிட்டது. இடுப்பு பெல்ட், லேசாக மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் மெஷின், அல்ட்ராசவுண்ட் ஒத்தடம் எல்லாவற்றையும் வேண்டாம் என்றது. கை வைத்தியத்தைப் பற்றி அது சொல்வது, உடற்பயிற்சியோடு சேர்ந்த ஒரு பகுதியாக இருந்தால் யோசிக்கலாம், தனியாக வேண்டாம் என்று. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. 55 பவுண்டுக்கு ஒருவர் முக்கால் மணிநேரம் உங்கள் கதையைக் கேட்டு, ஆபத்து எதுவும் இல்லை என்று சோதித்து, இரண்டு நாள் வலியைக் குறைத்து, குனிய நிமிரத் தைரியம் கொடுத்து, வீட்டில் செய்ய நான்கு பயிற்சி சொல்லித்தந்தால் அது நல்ல பேரம். பயிற்சி எதுவும் சொல்லாமல் மேசையில் படுக்கவைத்து நீவிவிட்டு அனுப்பினால் அது விலை கூடிய மசாஜ்.

எத்தனை தடவை? என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது, மூன்று அல்லது நான்கு. அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் அங்கே காசைப் போடாதீர்கள். பத்து தடவைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். "வலி போனபின்னும் மாதம் ஒருமுறை சர்வீஸ்" என்பதும் இப்போதைக்கு உங்களுக்குத் தேவை இல்லை.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இடுப்புக்குப் போகும் இடத்தில் "கழுத்தும் இறுக்கமாக இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாமா" என்று கேட்பது உண்டு. நீவிவிடட்டும், ஆனால் கழுத்தைச் சட்டென்று திருப்பும் நெட்டியை நான் வேண்டாம் என்பேன். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது மிக மிக அரிது. வந்தவர்கள் பலருக்கு ஏற்கெனவே குழாய் கிழியத் தொடங்கி, அந்தக் கழுத்து வலியோடுதான் கிளினிக்குக்கே போயிருப்பார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. எப்படியிருந்தாலும் கிடைக்கும் சின்னப் பலனுக்கு அந்த ரிஸ்க் எனக்கு ஒப்பவில்லை. இதுவரை அனுபவித்திராத மாதிரி திடீர்க் கழுத்து வலி, தலைவலி, கூடவே தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல் இருந்தால் கிளினிக் இல்லை, 999க்குப் போன் பண்ணி ஆம்புலன்ஸ்.

இனி அந்த போர்டு. சின்ன ஊர்களில் இந்த மாதிரி இடம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். ஆஸ்டியோபாத் ஒருவர் மாடியை வாடகைக்கு எடுக்கிறார். அவரால் மட்டும் வாரம் முழுக்க மூன்று அறையை நிரப்ப முடியாது. மீதி அறைகளை அரைநாள் கணக்கில் மற்றவர்களுக்கு விடுகிறார். செவ்வாய் காலை அக்குபஞ்சர், வியாழன் ரிஃப்ளெக்சாலஜி. எல்லாப் பெயரும் ஒரே எழுத்தளவில் ஒரே போர்டில் ஏறிவிடுகிறது. பார்ப்பவருக்கு எல்லாமே ஒரே தகுதி உள்ளவை போலத் தெரியும். உண்மையில் அந்த போர்டு ஒரு வாடகைப் பட்டியல்தான். சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு அறையும் வேறு.

ஆஸ்டியோபாத், கைரோபிராக்டர், பிசியோதெரபிஸ்ட், இந்தப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அக்குபஞ்சருக்குக் கிடையாது. தோலைக் குத்துகிற தொழில் என்பதால் பச்சை குத்துபவர், காது குத்துபவர் மாதிரி உள்ளூர் கவுன்சிலில் சுகாதாரப் பதிவு வேண்டும், அவ்வளவுதான். அதனால் பிரிட்டிஷ் அக்குபஞ்சர் கவுன்சில் போன்ற விருப்பப் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். பலன் விஷயத்தில், நைஸ் 2009இல் இடுப்பு வலிக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைத்தது, 2016இல் அதை எடுத்துவிட்டது. ஆனால் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு 2021 வழிகாட்டியில் யோசிக்கலாம் என்கிறது, ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதற்கு இடம் உண்டு. உங்கள் மூன்று வார வலிக்குத் தேவை இல்லை.

ரிஃப்ளெக்சாலஜி என்பது பாதத்தை அழுத்திவிடுவது, காலுக்குச் சுகமாக இருக்கும். பாதத்தில் சிறுநீரகம், கல்லீரல் என்று வரைபடம் போட்டிருப்பதற்கு உடற்கூறில் எந்த ஆதாரமும் இல்லை. கையை வைத்துச் சக்தி பாய்ச்சுவதாகச் சொல்லும் ரெய்கியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஹோமியோபதியை எழுதித்தர வேண்டாம் என்று என்.எச்.எஸ். இங்கிலாந்து 2017இல் ஜி.பி.க்களிடம் சொல்லிவிட்டது.

போர்டில் 'ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்' (சாப்பாடு இல்லை, பாதத்தைப் பராமரிப்பவர்) என்றும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் சர்க்கரை நோய் அதிகம். பாத நோய்களைப் பார்க்கும் போடியாட்ரிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பட்டப்படிப்பு உண்டு. ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர் என்பதற்கு இல்லை, குறுகிய பயிற்சியோடும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். நகம் வெட்டவும் தடித்த தோலை எடுக்கவும் பலர் நன்றாகவே செய்வார்கள். ஆனால் சர்க்கரை உள்ள மாமனாருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, புண் ஆறவில்லை என்றால் அங்கே போகக்கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கு வருடாந்தரக் காலடிப் பரிசோதனை என்.எச்.எஸ்.ஸில் இலவசம், புண் என்றால் உடனே அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டுக்கும் இதே வித்தியாசம்: முதல் பெயருக்குச் சட்டம் உண்டு, இரண்டாவதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

குழந்தைக்கு வருகிறேன். மண்டையைத் தொட்டுச் செய்வதற்கு கிரேனியல் ஆஸ்டியோபதி என்று பெயர். ஸ்டில்லின் மாணவர் வில்லியம் சதர்லேண்ட் தொடங்கியது. மண்டை ஓட்டு எலும்புகள் ஒரு தாளத்தில் அசைகின்றன, அந்தத் தாளத்தைக் கையால் உணர்ந்து சரிசெய்யலாம் என்பது கொள்கை. ஒரே ஆளின் தலையை இருவர் தொட்டு எண்ணினால் இருவரும் ஒரே எண்ணிக்கை சொல்வதில்லை. குழந்தைகளின் ஓயாத அழுகைக்குக் கை வைத்தியம் உதவுமா என்று 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 6 ஆய்வுகளை, 325 குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்தது. அழுகை குறைந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். ஆனால் எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியாமல் வைத்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பும் 2016இல், குழந்தைகளைப் பார்க்கிறோம் என்று ஆஸ்டியோபாத்துகள் சொல்லலாம், கோலிக்கை (கைக்குழந்தையின் இந்த ஓயாத அழுகையை) குணப்படுத்துகிறோம் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக்கூடாது என்று தெளிவாக்கியது.

உங்கள் அம்மாவிடம் கேட்டால் "உரம் விழுந்திருக்கும், புடவையில் போட்டு உருட்டு" என்பார். அதற்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய தூரம் இல்லை. இரண்டிலும் அழும் குழந்தையை நிதானமாக ஒருவர் கையில் வாங்குகிறார், பெற்றவள் கொஞ்சம் மூச்சு விடுகிறாள், சில நாளில் அழுகை தானே குறைகிறது. ஆறு வாரத்தில்தான் இந்த அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மண்டை வைத்தியமே மென்மையானது, புடவையில் உருட்டுவதைவிடப் பாதுகாப்பானது என்றுகூடச் சொல்வேன். நாத்தனார் போயே தீருவேன் என்றால் சண்டை போடாதீர்கள். பதிவு பெற்ற ஆஸ்டியோபாத்தா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் 'கிரேனியோசேக்ரல் தெரபிஸ்ட்' என்ற பெயரை எந்தப் பதிவும் இல்லாமல் யாரும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு வரும் என்.எச்.எஸ். நர்ஸான ஹெல்த் விசிட்டரிடம் பால் குடிக்கும் முறையை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அது இலவசம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வழக்கமான அழுகை மாறிக் கீச்சென்றோ முனகலாகவோ அழுவது, இவற்றில் எதுவானாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் இல்லத்தில் ஆளைத் தூக்கும் கருவியான ஹாய்ஸ்ட் ஒன்று பழுதாகி மூன்று வாரமாகக் கையால்தான் தூக்குகிறோம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். வலி தொடங்கியதும் அப்போதுதான். எந்த ஆஸ்டியோபாத் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மறுநாள் ஷிப்டில் எட்டுப் பேரைத் தூக்கினால் பலன் இருக்காது. 1992ஆம் ஆண்டின் சுமை கையாளும் விதிமுறைகளின்படி ஆபத்தான தூக்குதலைத் தவிர்க்க ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை. ஸ்பான்சர்ஷிப் விசாவில் இருப்பதால் வாய் திறக்கப் பயமாக இருக்கும், தெரியும். சத்தம் போட வேண்டாம். ஆக்சிடென்ட் புக்கில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள், ஹாய்ஸ்ட் பழுது பற்றி மேனேஜருக்கு மரியாதையாக ஒரு ஈமெயில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் வரை லீவுக்கு நீங்களே எழுதிக் கொடுக்கலாம், சர்டிபிகேட் தேவையில்லை. அதற்கு மேல் வேண்டியது ஃபிட் நோட், அதாவது வேலை செய்ய முடியுமா என்று மருத்துவத் தரப்பில் எழுதித்தரும் சான்று. அதை ஆஸ்டியோபாத் தர முடியாது, ஆனால் 2022 ஜூலையிலிருந்து டாக்டர் மட்டுமல்லாமல் பிசியோவும் கையெழுத்துப் போடலாம். லீவே எடுக்க முடியாத நிலை என்றால், அந்தத் தாளில் 'மாற்றப்பட்ட பணிகளோடு வேலை செய்யலாம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டு, கையால் ஆளைத் தூக்கும் வேலை இரண்டு வாரத்துக்குக் கூடாது என்று எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.